எட்டு லோரா பெட்டிகள்: கிரிஸ்டலை அளப்பதா, நெட்வொர்க்கைப் பழக்குவதா?

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மழைமானிகளுக்கு எட்டு லோரா மாட்யூல் மாட்டினேன். லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் சிறு செய்திகளை அனுப்பும் ரேடியோ முறை. லைசென்ஸ் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ். பெட்டி அனுப்பும் ஐடியை (அடையாள எண்ணை) யாரும் காப்பியடித்துவிடலாம். அதனால் எந்தப் பெட்டி பேசுகிறது என்பதை அதன் வன்பொருளை வைத்தே கண்டுபிடிக்க ஆசை. அனுப்பியின் குறைகளை நாமே அளக்கலாம். அல்லது சிக்னலை அப்படியே நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்துப் பழக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு அளப்பதிலேயே நின்றுவிட்டேன்.

நெட்வொர்க்குக்கு டேட்டாவும் நல்ல கம்ப்யூட்டரும் வேண்டும், அளக்க நோட்டும் பொறுமையும் போதும். அது எல்லோருக்கும் தெரிந்ததே.

எதை அளப்பது? ஆம்ப்ளிஃபயரின் வளைவை (உள்ளே போகும் சிக்னலும் வெளியே வருவதும் நேர்கோட்டில் அமையாத குறையை) மாதிரியாக்க 1981-இல் வந்த சலே மாடல் என்ற கணிதச் சூத்திரம் முதல் பல வழிகள் உண்டு. ஆனால் லோரா சிக்னலின் வீச்சு (அலையின் உயரம்) மாறுவதில்லை. அந்த வளைவு அதில் தலைகாட்டாது. மிஞ்சியது அதிர்வெண் விலகல். மாட்யூலின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) பிசகு இருந்தால், 866 மெகாஹெர்ட்ஸில் அது 8.66 கிலோஹெர்ட்ஸ். பெட்டிகளைப் பிரிக்க அது தாராளம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடியில் பழக்கிய நெட்வொர்க், அங்கே ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் பாதிக்கு மேல் தப்பு. அது படித்தது மாட்யூலை மட்டுமல்ல. தண்ணீர்த் தொட்டியிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய அலைகளையும், சிக்னலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ரிசீவரான என் ஆர்டிஎல் டாங்கிளின் குறைகளையும் சேர்த்துத்தான். இங்கே வருஷத்துக்கு இரண்டு பருவமழை, தையில் ரப்பர் இலையுதிர்வு. ஒவ்வொரு தடவையும் யார் மறுபடி பழக்குவது?

அளக்கும் வழியிலும் சும்மா இருக்க முடியாது. விடியற்காலைப் பால்வெட்டு நேரத்தில் எடுத்த அளவு உச்சிவெயிலில் நகர்ந்திருக்கும். ஆனால் காரணம் தெரிந்த நகர்வு அது. பெட்டிகள் வெப்பநிலையையும் அனுப்புவதால், ஒரே எண்ணுக்குப் பதில் பெட்டிக்கொரு வளைகோடு வரைந்து வைத்தேன். டாங்கிளும் 1 பிபிஎம் நகர்ந்தால் 866 ஹெர்ட்ஸ் போய்விடும். அதற்கு ரிசீவர் பக்கத்திலேயே ஒரு மாட்யூலை எப்போதும் ஓடவிட்டு, அதோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறேன். டாங்கிளின் பிசகு கழித்தலில் போய்விடும். இடையில் டாங்கிள் செத்து வேறொன்று வாங்கினேன். பழைய நோட்டே செல்லுபடியானது. கிரிஸ்டல் வயதாக ஆகக் கொஞ்சம் நகரும் என்பதால் மாதம் ஒருமுறை சரிபார்க்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கும் ஓட்டை உண்டு. எஸ்டிஆர் (மென்பொருளால் இயக்கும் ரேடியோ) வைத்திருப்பவன் வேண்டுமென்றே அதிர்வெண்ணை நகர்த்தி ஏமாற்றலாம். நூற்றுக்கணக்கான வைஃபை கருவிகளைப் பிரிக்கச் சொன்னால் நானும் நெட்வொர்க் பக்கம் சாய்வேனோ என்னவோ. அந்த அளவில் கைவைத்ததில்லை.

என் எட்டிலேயே மூன்றாவதும் ஏழாவதும் கிட்டத்தட்ட ஒரே கோடு. ஒரு பாக்கெட்டை (ஒரு தடவை அனுப்பும் செய்தியை) வைத்துப் பிரிக்க முடியவில்லை. கடைசியில் ஏழாவதின் மாட்யூலைக் கழற்றிவிட்டு, விலகல் அதிகமுள்ள வேறொன்றை மாட்டினேன். கள்ள ஆட்டம்தான், ஆனால் இப்போது குழப்பமில்லை.