கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி: 110 செ.மீ. மடக்கு ரிஃப்ளெக்டர், எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னைக் கொசப்பேட்டையில் மண் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஒருவரை ஒரு முறை அரை மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புடவை, நகை, நெற்றித் திலகம் எல்லாம் முடிந்த பிறகே அவர் கண்ணுக்கு வந்தார். கருவிழியை எழுதி முடித்து, அதன் மேல் ஓரத்தில் தூரிகை நுனியால் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்ததும், அதுவரை வெறும் மண்ணாக இருந்த முகம் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. புகைப்படக்காரர்கள் ‘கேட்ச்லைட்’ என்று சொல்வது அந்தப் புள்ளியைத்தான். பொம்மைக்குத் தூரிகை வைக்கும் புள்ளியை மனிதருக்கு வெளிச்சம் வைக்க வேண்டும். அந்த வேலைக்காக எட்டு மாதங்களுக்கு முன் நான் வாங்கிய, வெளிச்சத்தைத் திருப்பி வீசும் ஐந்து முக மடக்கு ரிஃப்ளெக்டரைப் பற்றியது இம்மதிப்புரை.

பொருள் எளிமையானது. வில்போல் வளையும் எஃகு வளையம். விட்டம் 110 செ.மீ.; மடக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி உறைக்குள் போய்விடும். நடுவில் ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணி ஒன்றும், அதன் மேல் ஜிப் வைத்து மாட்டி, உள்வெளியாகத் திருப்பிக்கொள்ளக்கூடிய உறை ஒன்றும் இருக்கின்றன. உறையில் வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு என நான்கு முகங்கள். நான் கொடுத்த விலை 1,400 ரூபாய். எல்லோரையும் வாங்கத் தூண்டுபவை பளபளக்கும் வெள்ளியும் தங்கமும்தான்; கண்ணைப் பொறுத்தவரை அவை இரண்டுமே மிகக் குறைவாகப் பயன்படுகின்றன என்பது என் அனுபவம்.

இதன் காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடிபோல் தெளிவான விழிவெண்படலம் (கார்னியா) ஏறத்தாழ 8 மி.மீ. வளைவு ஆரம் கொண்ட ஒரு குவியாடி; எதிரே பிரகாசமாக எது இருந்தாலும் அதன் சிறு உருவம் அதில் விழும். நம்மில் பெரும்பாலோருக்குக் கருவிழி நிறமி மிகுந்த அடர் பழுப்பு என்பதால், போதிய வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் படத்தில் பழுப்பு தெரியாது. நடுத் துளையான பாவையும் கருவிழியும் ஒன்றாகக் கலந்து ஒரே கறுப்பு வட்டமாகிவிடும். ஆகவே ரிஃப்ளெக்டருக்கு இரண்டு வேலைகள்: மேலே புள்ளியை வைப்பது ஒன்று, உள்ளே பழுப்பை எழுப்புவது மற்றொன்று.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழாக்களில் ‘மொட்டை மாடியில் நாலு படம் எடுத்துவிடலாம்’ என்று உறவினர்கள் அழைப்பதும் பெரும்பாலும் அந்த உச்சி வேளையில்தான். அப்போது புருவத்தின் நிழல் கண்குழிக்குள் இறங்கி, பதினான்கு வயதுப் பெண்ணும் நான்கு இரவுகள் தூங்காதவள்போல் ஆகிவிடுகிறாள். வண்ணாரப்பேட்டையில் அப்படி ஒரு மாடியில், உறையைக் கழற்றிவிட்டு உள்துணியை மட்டும் அவளுடைய தலைக்கு மேல் அவளுடைய மாமா பிடித்தபோது வெயிலின் கடுமை பாதியாகத் தணிந்தது. வெளுத்த மாடித் தரையே கீழிருந்து வெள்ளை ரிஃப்ளெக்டராக வேலை செய்ய, கண்கள் குழியிலிருந்து வெளியே வந்தன. கொடுத்த விலைக்கு அந்த ஒரு மதியமே ஈடாகிவிட்டது.

வெள்ளை முகம் நான் அன்றாடம் பயன்படுத்துவது. மார்பு உயரத்தில், முகத்திலிருந்து முக்கால் மீட்டருக்குள், சற்றே மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் பழுப்பு நிறம் மெல்ல விழித்துக்கொள்கிறது. இடுப்புக்குக் கீழே இறக்கினால் புள்ளி கருவிழியின் அடிப்பகுதிக்குப் போய்விடும். கூடவே மூக்கின் நிழலும் மேல்நோக்கி விழுந்து, முகத்துக்கு ஒரு பேய்க்கதைச் சாயல் வந்துவிடும். வானம் மேலே இருக்கும் உலகில் நாம் பழகிய கண்களில் புள்ளி மேலேதான் இருக்கிறது. கொசப்பேட்டைக் கலைஞர் அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வெள்ளி முகத்தைக் காசிமேட்டில், படகுகளுக்கு அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு முதிய பெண்மணியிடம் சோதித்தேன். “இன்னாபா, கண்ண அவிச்சிடுவ போலருக்கே!” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதில் தவறில்லை. காலைக் கடல் வெயிலில் வெள்ளி வீசும் ஒளியில் எவரும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். இமை பாதி மூடிய கண்ணில் எத்தனை அழகான புள்ளி விழுந்து என்ன பயன்? மேகமூட்டமான நாளில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பயன்படுத்தினால் மட்டும் வெள்ளி தாங்கத்தக்கது.

தங்க முகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மாநிறத் தோலில் அது சந்தனம் பூசியதுபோல் அழகாகத்தான் விழுகிறது. ஆனால் அதே மஞ்சள் விழியின் வெண்பகுதியிலும் ஏறுவதால், மணமகனுக்கு மஞ்சள் காமாலையோ என்று சந்தேகிக்கும்படி ஆகிவிடுகிறது. இரண்டாவது முறைக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை.

நான் எதிர்பாராமல் மதிக்கத் தொடங்கியது கறுப்பு முகத்தை. கடற்கரைபோன்ற திறந்த வெளியில் வானம் முழுவதும் விழிவெண்படலத்தில் பிரதிபலித்து, பழுப்பின் மேல் பால் ஊற்றியதுபோல் ஒரு வெளிறிய திரை படிந்துவிடும். அங்கே குறைவது வெளிச்சம் அன்று, மிகுந்திருப்பதே வெளிச்சம். கேமராவுக்கு மேலே, சட்டகத்துக்குச் சற்று வெளியே கறுப்பு முகத்தைப் பிடித்து வானத்தின் ஒரு பகுதியை மறைத்தால் திரை விலகி, கருவிழியின் ஓரத்து அடர் வளையம் கோடு போட்டதுபோல் தெளிகிறது. விற்பனைப் பெட்டியின் மீது இந்தப் பயனைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

ரிஃப்ளெக்டரே தேவைப்படாத இடங்களும் வட சென்னையில் உண்டு. மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலைவாசலுக்கு ஓரடி உள்ளே ஒருவரைத் தெருவைப் பார்த்து நிற்க வைத்தால், வாசலே நெடிய வெளிச்சச் சட்டமாகக் கண்ணில் விழும். கேரம் சங்கங்களில் பலகைக்கு மேல் தொங்கும் விளக்கின் ஒளி, பவுடர் தூவிய வெளிர் மரப்பரப்பில் பட்டு, குனிந்து குறிபார்க்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பலகையைவிடச் சிறந்த ரிஃப்ளெக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனிக் குறைகள். கடற்காற்று எழும் பிற்பகலில் இது ரிஃப்ளெக்டராக இருப்பதில்லை, படகுப் பாயாக மாறிவிடுகிறது. பிடிக்க ஒருவர் இல்லாமல் வெளியே எடுத்துப்போவது வீண். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு வெள்ளை வட்டம் முழுதாகக் கண்ணாடியில் விழுவதால், பக்கவாட்டுக்கு நகர்த்தி, முகத்தையும் சற்றுத் தாழ்த்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடக்கும் வித்தை கைவர ஒரு வாரம் ஆயிற்று. மூன்றாம் மாதமே ஜிப்பை இழுத்து மூடும் ஓடி கழன்றுவிட்டது. விற்றவர் ‘துணிக்கு உத்தரவாதம் இல்லை’ என்று கைவிரிக்க, தெருமுனைத் தையல்காரர் முப்பது ரூபாய்க்குப் புதிய ஓடியைப் போட்டுத் தந்தார், அது இன்றுவரை உழைக்கிறது.

சினிமாப் படப்பிடிப்புகளில் காலங்காலமாகப் பிடித்துவரும் தெர்மாகோல் பலகை இதே வெள்ளை வேலையைச் சில பத்து ரூபாய்களில் செய்துவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. வீட்டுக்குள் மட்டும் படம் எடுப்பவருக்கு அதுவே போதும். இரு சக்கர வண்டியில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் அலைகிற எனக்கு அது இரண்டாம் வேகத்தடையிலேயே உடைந்துபோவதால் இந்த மடக்கு வட்டத்தை வைத்திருக்கிறேன். வாங்குவதானால் 80 செ.மீ. அளவை வாங்க வேண்டாம்; இருவர் சேர்ந்து நிற்கும் படத்தில் ஒருவருடைய கண்ணுக்குத்தான் அது எட்டுகிறது.