பால் கொடுக்கும் தாய்க்குச் சத்து போதுமா? ஊசி குத்தாமல் பார்க்க எது தேறும்

ரத்தம் எடுக்காமல் தாயின் சத்து நிலையைக் கணிக்க இன்று கையில் இருப்பவை: மேல்கைச் சுற்றளவு நாடா, முந்தின நாள் சாப்பாட்டுக் கணக்கு, தாய்ப்பால் மாதிரி, சிறுநீர், விரலில் மாட்டும் ஹீமோகுளோபின் கருவி. தஞ்சை, திருவாரூர் பக்கம் வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியரின் பையில் இரண்டுக்குத்தான் இடம் என்றால் முதல் இரண்டையே வைப்போம்.

நாடாவின் பலம், பிரசவத்துக்குப் பின் உடலில் தங்கும் நீர் அதை அதிகம் ஏமாற்றாது. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு (18.5க்குக் கீழே மெலிவு) முதல் சில வாரங்களில் நீரையும் சேர்த்தே காட்டும். இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் தோல் பிதுங்காமல் சுற்றுங்கள். 23 செ.மீ.க்குக் கீழே என்றால் கவனம் தேவை. சில இடங்களில் எல்லையை 21 என்றும் வைப்பதுண்டு. மடக்கிய கையிலேயே அளந்தாலும், ரவிக்கைக் கைக்கு மேல் சுற்றினாலும் கூடுதலாகத்தான் காட்டும். பழைய தையல் நாடா இழுபட்டிருந்தால் குறைத்துக் காட்டும். கை பருமனாக இருப்பவருக்கும் ரத்தசோகை இருக்கலாம். அது நாடாவுக்குத் தெரியாது.

அந்த ஓட்டையைச் சாப்பாட்டுக் கணக்கு கொஞ்சம் அடைக்கும். பத்து உணவு வகைகளில் நேற்று எத்தனை சேர்ந்தன என்பதே கேள்வி, குறைந்தது ஐந்து வேண்டும். பத்தியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்: பூண்டுக் குழம்புச் சோறு, சுறாப்புட்டு, ரசம், இரவில் பால். தானியம், மீன், பால் என மூன்றுதான் தேறும். 15 கிராமுக்குக் குறைவானது கணக்கில் வராது, அதனால் ரசத்தில் மிதக்கும் நாலு பருப்பு போகட்டும். மாந்தம் வரும் என்று நிறுத்திய முருங்கைக்கீரையும் ஒரு முட்டையும் திரும்பினால் ஐந்து. “பால் குடிச்சீங்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “நேத்து எழுந்ததுலேருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?” என்று கேளுங்கள், முடிந்தால் மாமியார் பக்கத்தில் இல்லாதபோது. விசேஷத்துக்கு மறுநாள் கேட்காதீர்கள். ஐந்து என்ற எல்லை ஊர் அளவில் மதிப்பிட வந்தது; ஒருவருக்குப் பற்றாக்குறை என்று அதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

தாய்ப்பாலைச் சோதித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது பலர் நம்பிக்கை. அதுதான் பெரிய வழுக்கல். இரும்பு, கால்சியம், துத்தநாகம் மூன்றும் தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் அவ்வளவாகக் குறையாது. கால்சியத்தைத் தாயின் எலும்பு கொடுத்துவிடும். பால் நன்றாக இருக்கும், தாய் தேய்வார். வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின், மீன் கொழுப்பிலுள்ள டிஎச்ஏ போன்றவை தாயின் உணவைக் காட்டும். மாதிரி எடுப்பதும் எளிதல்ல. முதலில் சுரக்கும் பாலைவிடக் கடைசியில் வருவதில் கொழுப்பு மிக அதிகம். அதனால் வைட்டமின் ஏ அளவைக் கொழுப்போடு சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒரு கிராம் கொழுப்புக்கு 8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. வெளிச்சம் பட்டால் அழியும், பழுப்புக் குப்பி கட்டாயம்.

சிறுநீர் பெரும்பாலும் அயோடினுக்குத்தான். பால் கொடுக்கும் தாய்மார் கூட்டத்துக்கு நடு மதிப்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால் போதும். ஒரு தாயின் ஒரு மாதிரி எதையும் சொல்லாது. காலைக்கும் மாலைக்குமே மாறும். அதைவிட அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைப் பாருங்கள்: அயோடின் சேர்க்காத கல் உப்பா, பாக்கெட் உப்பா?

விரல் கருவி வேகமானது, ஆனால் குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அதைக் குழப்பும். கீழிமையின் வெளிறலைப் பார்த்தால் கடும் சோகை பிடிபடும், லேசானது தப்பிவிடும். 100 மி.லி. ரத்தத்துக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு அருகிலோ கீழேயோ காட்டினால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

முடியைக் கேட்காதீர்கள். மூன்று மாதத்தில் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் பிரசவத்தின் ஹார்மோன் மாற்றத்தால்தான்.