பிஎச்பி கையேடு: ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்

மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கணக்கு மென்பொருளை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. காலாவதி ஆகப்போகும் மருந்துகளின் பட்டியலை, கணக்குப் பார்க்கும் அக்கா தினமும் காலையில் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து எடுப்பார். கடை திறக்கும்போதே பட்டியல் தயாராக இருக்கட்டும் என்று, அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்டை (நிரல் கோப்பை) இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் ஓட்டும்படி வைத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, லிஸ்ட் இன்னும் திங்கட்கிழமை தேதியிலேயே நிக்குது. ஒரு பெட்டி சிரப்பைத் திருப்பி அனுப்புற நாள் தாண்டிடுச்சு."

கிரான் ஓடியிருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பிரவுசரில் திறந்தால் புதுப் பட்டியல் ஒழுங்காக வந்தது. அன்று இரவு பிஎச்பி டாட் நெட் தளத்தின் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த விமர்சனம் அந்தக் கையேட்டைப் பற்றித்தான்.

விடை இருந்தது கட்டளை வரி பயன்பாடு, அதாவது பிரவுசர் இல்லாமல் நேரடிக் கட்டளையால் ஓட்டுவது, பற்றிய பகுதியில். கிரான் ஓட்டுவதும் இப்படித்தான். அப்பாச்சி என்ற வெப் சர்வரின் மாட்யூலாகவோ சிஜிஐ ஆகவோ, அதாவது பிரவுசர் வழியாக, ஓடும்போது, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே பிஎச்பி மாறிக்கொள்கிறது. கட்டளை வரியில் ஓடும்போது மாறுவதில்லை. எங்கிருந்து கூப்பிட்டோமோ அங்கேயே நிற்கிறது. இதைக் கையேடு ஒரே ஸ்கிரிப்டை இரண்டு விதமாக ஓட்டி, இரண்டு விடைகளையும் அச்சிட்டுக் காட்டுகிறது. அந்த நாலைந்து வரி உதாரணம் அவ்வளவு தெளிவு. கிரான் வேலையைத் தொடங்குவது பயனரின் ஹோம் ஃபோல்டரில். போய்ப் பார்த்தேன், அன்றைய தேதியிட்ட பட்டியல் அங்கே பத்திரமாக இருந்தது. கோப்பை எழுதும் வரியில் பாதை எதுவும் தராமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன்.

சரி, அப்படியானால் அதேபோல வெறும் பெயரில் சேர்த்திருந்த டேட்டாபேஸ் இணைப்புக் கோப்பு மட்டும் எப்படிக் கிடைத்தது? என்னை அதிக நேரம் அலைக்கழித்தது இதுதான். அதற்கு, இன்னொரு கோப்பை உள்ளே சேர்க்கும் இன்க்ளூட் கட்டளையின் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. வெறும் பெயர் கொடுத்தால், இன்க்ளூட் பாதையில் (அமைப்பில் குறித்துவைத்த ஃபோல்டர்களில்) தேடிவிட்டு, கடைசியில் கூப்பிடும் ஸ்கிரிப்டின் சொந்த ஃபோல்டரிலும் பிஎச்பி தேடுகிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டிருந்தால் இந்தத் தேடல் எதுவும் கிடையாது. நிற்கும் ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். அப்படிப் போட்டிருந்தால் முதல் இரவே ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றிருக்கும். பாதி வேலை சரியாக நடந்ததால்தான் கோளாறு மறைந்துகொண்டது.

அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் ஷட்டவுன் ஃபங்ஷனுக்குள் அப்பாச்சி போன்ற சர்வர்களில் ஃபோல்டர் மாறிவிடலாம் என்று அதற்கான பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு. அதற்குள்ளிருந்து எழுதும் என் பிழைப் பதிவு ஏன் எழுதப்படாமல் போகிறது என்று மாதக்கணக்கில் தெரியாமல் இருந்தேன். உள்ளே, நிற்கும் ஃபோல்டரைச் சொல்லும் கெட்சிடபிள்யூடி ஃபங்ஷனைப் போட்டு அச்சிட்டால், ஒற்றைச் சாய்கோடு, அதாவது கணினியின் வேர் ஃபோல்டர், மட்டும் வந்தது.

தீர்வு எளிது. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட டிர் என்ற மாறிலி, அது எழுதப்பட்டிருக்கும் கோப்பின் ஃபோல்டரைத் தரும். யார் எங்கிருந்து ஓட்டினாலும் மாறாது. 2009-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எல்லாப் பாதைகளையும் அதில் தொடங்கி எழுதினேன், மொத்தம் பதினொரு இடம். மறுநாள் கடை திறக்கும்முன் பட்டியல் சரியான இடத்தில் இருந்தது.

கையேட்டில் சொல்லியிருப்பதெல்லாம் சரி, உதாரணங்கள் உண்மையிலேயே ஓடுகின்றன, காசும் கிடையாது. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது ஒரே விஷயத்தை மூன்று பக்கங்களில் சிதறவிட்டதற்காக. ஃபோல்டர் குழப்பத்தில் மாட்டுகிறவர் முதலில் திறப்பது கெட்சிடபிள்யூடி பக்கத்தை. நான் பார்த்தபோது கட்டளை வரி வேறுபாடு பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை. ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் இருக்கும் இந்தக் கையேடு தமிழில் இல்லை என்பதும் எனக்கு வருத்தம். என்னிடம் வேலை கற்கும் இரண்டு பையன்களுக்கு இந்தப் பகுதியை நானே தமிழில் சொல்லிக் கொடுத்தேன்.

கையேட்டின் மூலக் கோப்புகள், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்தே இருக்கின்றன, யாரும் திருத்தம் அனுப்பலாம். கெட்சிடபிள்யூடி பக்கத்துக்கு வேண்டிய அந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்பப்போகிறேன்.