படையப்பா ரீ-ரிலீஸ்: பாதி விசில் நீலாம்பரிக்குத்தான்

ரஜினி ரசிகரா இருந்தாத்தான் போகணும்னு ஒண்ணும் இல்லங்க. படையப்பாவ பெரிய ஸ்கிரீன்ல, நெறஞ்ச கூட்டத்தோட பாக்குற சான்ஸ் எப்ப கெடச்சாலும் விட்றாதீங்க, குடுத்த காசுக்கு மேலயே கெடைக்கும். ஆனா எந்த தியேட்டர்ல, எந்த ஷோல பாக்குறீங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

2025 டிசம்பர் 12, தலைவரோட 75வது பொறந்தநாளுக்கு விட்டாங்க. அவரு சினிமாவுக்கு வந்து 50 வருஷம் ஆனதும் அதே 2025லதான், அதனால ஊரெல்லாம் அதே பேச்சு. இந்த ரெண்டு மூணு வருஷமா ரீ-ரிலீஸ் சீசன்தான் ஓடிட்டு இருக்கு. 2024 ஏப்ரல்ல கில்லி வந்தப்ப புதுப்படத்துக்கு நிகரா கூட்டம் வந்துது, அப்புறம் 2025ல சச்சின், கேப்டன் பிரபாகரன்னு வரிசையா வந்துது, அண்ணா நகர் மால்ல விண்ணைத்தாண்டி வருவாயா தெனம் ஒரு ஷோன்னு 1000 நாளத் தாண்டி ஓடுச்சு. எல்லாம் பல தடவ பாத்த படம்தான், கத எல்லாருக்கும் மனப்பாடம், அப்பறம் எதுக்குக் காசு குடுத்துப் போறாங்கன்னு நெறைய பேரு கேக்குறாங்க. படையப்பா பாத்துட்டு வந்தப்பறம் எனக்கு அந்தக் கேள்விக்கு பதில் தெளிவா தெரிஞ்சுது. தெரிஞ்ச சீனுக்குக் காத்திருக்கறதுல ஒரு சொகம் இருக்கு, அத ஐந்நூறு பேரு சேந்து காத்திருந்தா அது வேற லெவல்.

நான், எங்கம்மா, காலேஜ் படிக்கற என் பொண்ணு, மூணு பேரும் போனோம். எங்க ஏரியா பழைய சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர், ஞாயித்துக்கெழம ஈவ்னிங் ஷோ. அம்மா 1999 ஏப்ரல்ல ரிலீஸ் ஆனப்பவே தியேட்டர்ல பாத்தவங்க, பொண்ணு மீம்ஸ்ல மட்டும்தான் பாத்துருக்கா. படத்த ஓடிடிக்குக் குடுக்காம வச்சிருந்தேன், தியேட்டர்ல பாத்து கொண்டாடணும்னுதான்னு ரஜினி சாரே வீடியோல சொல்லியிருந்தாரு, அது ரொம்ப நல்ல முடிவு. முழுப்படத்தையும் முதல் தடவையா தியேட்டர்லயே பாக்குற ஒரு தலைமுறை அதனாலதான் கெடச்சுது. எங்க முன்னாடி ரோல உக்காந்திருந்த பசங்க ஒருத்தருக்கும் இந்தப் படத்தோட வயசு கூட இருக்காது.

டைட்டில்ல எஸ் யு பி இ ஆர்னு ஒவ்வொரு எழுத்தா விழும்போதே காது கிழிஞ்சுது, அது எதிர்பாத்ததுதான். நான் எதிர்பாக்காதது வில்லி நீலாம்பரியா வர்ற ரம்யா கிருஷ்ணன் என்ட்ரிக்கு வந்த சத்தம். ஹீரோவுக்கு வந்த அளவு அப்படியே வந்துது, கொஞ்சமும் கொறையல. அதுவும் பொண்ணுங்க கத்துன சத்தம் தனியா கேட்டுது. 1999ல இப்படி இல்லடி, அப்ப அவள திட்டுவாங்க, தியேட்டர்லயே சாபம் விடுவாங்கன்னு அம்மா என் காதுல சொன்னாங்க. அது உண்மைதான், எங்க தெருவுல இருந்த அக்காங்க எல்லாம் நீலாம்பரின்னா திமிர் புடிச்சவன்னு பேசுனது எனக்கே ஞாபகம் இருக்கு. 26 வருஷத்துல படத்துல ஒரு ஃப்ரேம் மாறல, பாக்குற ஆளுங்க மாறிட்டாங்க.

ஊஞ்சல் சீன சொல்லியே ஆகணும். ரஜினி நிக்கணும்னே நாற்காலி போடாம வச்சிருப்பாங்க இல்லையா, அவரு சுத்தி ஒரு பார்வ பாப்பாரு, மேல கூரையோட ஏத்திக் கட்டியிருக்கற ஊஞ்சலு கண்ணுல படும், தோள்ல கெடக்கற துண்ட எடுத்து வீசி ஒரே இழு. கீழ வந்த ஊஞ்சல்ல கால் மேல கால் போட்டு உக்காருவாரு. மீம்ல, ஸ்டேட்டஸ்ல, ரீல்ஸ்லன்னு எத்தனையோ தடவ பாத்ததுதான். ஆனா அங்க எல்லாம் நேரா ஊஞ்சல் எறங்கற எடத்துலேந்துதான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி இருக்கற அந்த மௌனத்த கட் பண்ணிருவாங்க. தியேட்டர்ல அந்த மௌனம் முழுசா இருந்துது. விசிலடிச்சிட்டு இருந்த பசங்க எல்லாம் கப்சிப், ஏசி சத்தம் கேக்குது, எல்லார் கையிலயும் போன் ரெடியா இருக்கு, ஒருத்தரும் மூச்சு விடல. துண்டு மேல போற அந்த செகண்டுதான் வெடிச்சுது பாருங்க, எங்க சீட்டே ஆடுச்சு. அப்பறம் கேமரா ரம்யா கிருஷ்ணன் முகத்துக்குப் போகும், அங்க இன்னொரு ரவுண்டு விசில்! ஸ்டைல் பண்றது ஈஸி, அந்த ஸ்டைலு யாருக்கு முன்னாடி நடக்குதோ அவங்க நிமிந்து நின்னாத்தான் ஸ்டைலுக்கே மதிப்பு. இப்ப வர்ற பெரிய ஹீரோ படத்துல வில்லனுங்க எல்லாம் முத சீன்ல பத்து பேர வெட்டிட்டு வந்து கடைசில ஹீரோ கையால அடி வாங்கிட்டுப் போறாங்க, அவ்ளோதான் வேல. டைரக்டர் கே.எஸ்.ரவிக்குமாரு நீலாம்பரிய அப்படி வைக்கல. தோத்தவ தன்ன தானே ஒரு ரூம்ல பூட்டிக்கிட்டு 18 வருஷம் வெளியவே வராம இருப்பான்னு எழுதியிருக்காங்க பாருங்க, இன்னிக்கு யாராவது கதை சொல்லப் போனா ஓவரா இருக்குன்னு தூக்கிருவாங்க. சாகும்போது கூட அவ தோல்விய ஒத்துக்க மாட்டா.

கல்கியோட பொன்னியின் செல்வன் நந்தினிய மனசுல வச்சுத்தான் இந்த கேரக்டர உருவாக்குனதா ரஜினியே சொல்லியிருக்காரு, முதல்ல ஐஸ்வர்யா ராயத்தான் யோசிச்சாங்களாம். அப்பறம் அதே ஐஸ்வர்யா ராய் மணிரத்னம் படத்துல நந்தினியாவே நடிச்சது தனிக் கத. ஆனா சத்தியமா சொல்றேன், நீலாம்பரிய வேற யாராலயும் பண்ணியிருக்க முடியாது. மின்சாரக் கண்ணால ரம்யா கிருஷ்ணன் ஆடறத பெரிய ஸ்கிரீன்ல பாத்துட்டு இத நான் இன்னும் அழுத்தமா சொல்றேன். ரஹ்மான் வசந்தா ராகத்துல போட்ட பாட்டு, நித்யஸ்ரீ குரல் மேல ஏறும்போது அவங்க கண்ணும் சேந்து ஏறும், பக்கத்து சீட்ல என் பொண்ணு வாயப் பொளந்துட்டு பாத்தா. ஜெயிலர்ல ரஜினிக்கு வொய்ஃபா அமைதியா நடிச்சவங்கதான் இவங்கன்னா நம்பவே முடியலன்னா.

ஒரு விஷயம் இடிக்கத்தான் செஞ்சுது, அத மறைக்க விரும்பல. பொம்பளன்னா இப்படித்தான் இருக்கணும், அடக்கமா பொறுமையா இருக்கணும்னு ஹீரோ க்ளாஸ் எடுக்கற சீன் எல்லாம் இப்ப கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கு. அன்னிக்கு அதுக்குத்தான் கைதட்டுனாங்க, இந்த ஷோல அந்த எடத்துல தியேட்டர் கொஞ்சம் அடங்கிப் போச்சு, பசங்க கூட சும்மா இருந்தாங்க. என் பொண்ணு நேராவே கேட்டா, ஏம்மா நீலாம்பரி லவ் பண்ணா, சொன்னா, கெடைக்கல, அதுக்கு எதுக்கு இவ்ளோ அட்வைஸுன்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டாங்க, லவ் பண்ணதுக்கு இல்லடி, ஹீரோயின் அந்த வசுந்தராவ படுத்தின பாட்டுக்குத்தான்னு. ரெண்டு பேரும் இன்டர்வெல் பூரா இதே சண்ட. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற மாதிரிதான் பட்டுது. படத்தோட வசனம் ஒரு பக்கம் இழுக்குது, ரம்யா கிருஷ்ணனோட நடிப்பு இன்னொரு பக்கம் இழுக்குது, கடைசில நடிப்புதான் ஜெயிச்சுது, இன்னிக்கு விழுற விசிலே அதுக்கு சாட்சி.

ரஜினிக்கு அப்பாவா வர்ற சிவாஜி சாரு சீனுக்கு வருவோம். சொத்து எல்லாத்தையும் தம்பிக்குக் குடுத்துட்டு வீட்ட விட்டு வெளிய வர்றப்ப அந்தத் தூணக் கட்டிப் புடிச்சுக்குவாரு. வசனமே வேண்டாம், அந்தக் கை தூண தடவுற விதம் போதும். அம்மா முந்தானைய எடுத்து கண்ணத் தொடச்சாங்க, எங்க தாத்தாவும் பாகம் பிரிச்சப்ப வீட்ட விட்டு வந்தவருதான், அதுனால அவங்களுக்கு அது வெறும் சினிமா இல்ல. சின்ன ஸ்கிரீன்ல பாக்கறப்ப இந்த சீன்ல மூஞ்சிதான் தெரியும், இங்க அந்த வீடு எவ்ளோ பெருசு, அவரு எவ்ளோ சின்னதா நிக்கறாருன்னு சேத்து தெரியுது. சிவாஜி 2001ல போயிட்டாரு, வசுந்தராவா நடிச்ச சௌந்தர்யா 2004ல விமான விபத்துல போயிட்டாங்க, எஸ்பிபி சாரு 2020ல. அறிமுகப் பாட்டு ஆரம்பிச்சு எஸ்பிபி குரல் வந்ததும் கூட்டத்துல யாரோ அவரு பேர சொல்லிக் கத்துனாங்க, நெறைய பேரு சேந்துக்கிட்டாங்க.

படத்துல மைனஸ் இல்லாம இல்ல. மூணு மணி நேரப் படம், செகண்ட் ஹாஃப்ல பசங்க காலேஜ் லவ்வு ட்ராக் வர்றப்ப இழுக்குது, பாதிப் பேரு பாத்ரூம் போயிட்டு வந்தாங்க. செந்தில், ரமேஷ் கண்ணா காமெடி சிலது இன்னும் வேல செய்யுது, சிலது செய்யல. பிரிண்ட் நல்லா தெளிவா இருந்துது, கலரு பளிச்சுன்னு இருந்துது. வெற்றிக்கொடி கட்டு பாட்டுக்கு பேஸ் நெஞ்சுல வந்து இடிச்சுது, பழைய தியேட்டருன்னாலும் சவுண்ட் சிஸ்டத்த மாத்தி வச்சிருக்காங்க.

இப்ப காசு விஷயம். தமிழ்நாட்டுல மல்டிப்ளெக்ஸ் டிக்கெட்டு வரி எல்லாம் சேத்து 180 ரூபாய்க்கு மேல வருது, ஆன்லைன்ல புக் பண்ணா அதுக்கு மேல கன்வீனியன்ஸ் ஃபீஸ். சிங்கிள் ஸ்கிரீன்ல அதவிட கம்மி, 100 ரூபாய்க்கு உள்ள இருக்கற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22லேந்து 12லேந்து 5 பர்சென்ட்டா கொறஞ்சுருச்சு. நாங்க கவுன்ட்டர்லயே வாங்குனோம், ஃபீஸ் மிச்சம். இன்டர்வெல்ல சமோசா, பஃப்ஸ், டீ, எல்லாம் வெளிய கடையில குடுக்கறத விட கொஞ்சம்தான் ஜாஸ்தி. இதுக்கு முன்னாடி வேற ஒரு ரீ-ரிலீஸ ஒரு மால் மல்டிப்ளெக்ஸ்ல பாத்தோம், பேரு வேண்டாம், அங்க பார்க்கிங்கும் பாப்கார்னும் சேந்து டிக்கெட் காச தாண்டிருச்சு. அத கூட பொறுத்துக்கலாம், பாட்டுக்கு எழுந்து ஆடுன பசங்கள ஸ்டாஃப் டார்ச் அடிச்சு உக்கார வச்சாங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல. வழிய மறைக்கக் கூடாது, சீட்டு மேல ஏறக் கூடாது, சரி. ஆனா பழைய படத்துக்கு வந்து ஆடக் கூடாதுன்னா அப்பறம் எதுக்கு ரீ-ரிலீஸ்? எங்க ஏரியா தியேட்டர்ல ஸ்கிரீனுக்கு முன்னாடி கொஞ்சம் எடம் விட்டு வச்சிருக்காங்க, ஆடறவங்க அங்க போயி ஆடிட்டு, பாட்டு முடிஞ்சதும் அவங்கவங்க சீட்டுக்கு வந்துட்டாங்க, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல.

வயசானவங்களக் கூட்டிட்டுப் போறவங்க கவனிங்க. பால்கனிக்கு லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டு டிக்கெட் எடுங்க, அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற ரொம்ப சிரமப்பட்டாங்க. லேடீஸ் டாய்லெட் சுத்தமா இருந்துது ஆனா ரெண்டே ரெண்டுதான், இன்டர்வெல் பெல் அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே எழுந்து போயிடறது நல்லது. சின்னக் குழந்தைங்கள ஈவ்னிங் ஷோவுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, விசில் சத்தத்துக்கு பின்னாடி ரோல ஒரு கொழந்த அழுதுட்டே இருந்துது, பாவம். அமைதியா படம் பாக்கணும்னா வார நாள் காலைக் காட்சிக்குப் போங்க. கூட்டத்தோட பாக்கணும்னா சனி, ஞாயிறு சாயங்காலம்தான், அதுவும் பால்கனில உக்காராம கீழ நடு ரோல உக்காருங்க, ஊஞ்சல் சீனுக்கு சுத்தி நாலு பக்கமும் சத்தம் வரணும்.