மிருதங்கப் பாட வீடியோவுக்கு 'சவுண்டு சரிசெய்ய' 26,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் மாட்டிக்காதீங்க

26,400 ரூபாய். 22 வீடியோ, ஒன்றுக்கு 1,200. போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி என் கையாலேயே பட்டனை அமுக்கிப் பணத்தை விடுவித்தேன். இன்று அந்த 22-ம் குப்பை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

கும்பகோணத்தில் மிருதங்கம் சொல்லித்தருகிறேன். ஊரடங்குக் காலத்தில் ஆன்லைனில் சேர்ந்த பிள்ளைகள் பலர் இன்னும் அப்படியே தொடர்கிறார்கள். அவர்களுக்காகத் 'தா தி தொம் நம்' என்ற முதல் சொற்களில் (ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் உண்டு) ஆரம்பித்து 22 பாடங்களை வீட்டிலேயே பதிவு செய்தேன். குறை ஒன்றுதான். நான் பேசுவது மெதுவாக இருக்கும், வாசிப்பு சத்தமாக இருக்கும். "பேசறப்போ கேக்கல சார், வாசிக்கறப்போ காது கிழியுது" என்று பெற்றோர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நியாயமான புகார்.

சரி, வேலை தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் தேடினேன். தளத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன். ஐந்துக்கு 4.9 நட்சத்திரம். அவன் அறிமுகத்தில் '-14 எல்.யு.எஃப்.எஸ், ட்ரூ பீக் -1' என்று எழுதியிருந்தான். முதலாவது சராசரி சத்தத்தின் அளவு, இரண்டாவது உச்ச சத்தத்தின் எல்லை. யூடியூப் சுமார் -14 என்ற சராசரி சத்த அளவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போவதைக் குறைத்துவிடும் என்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். அதனால், விஷயம் தெரிந்த பையன் என்று நம்பிவிட்டேன்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். மூன்றாம் பாடத்திலிருந்து ஒரு நிமிடம் எடுத்து மாதிரி செய்து அனுப்பினான். என்னுடையதைக் கேட்டேன், அவனுடையதைக் கேட்டேன். அவனுடையது பளீரென்று இருந்தது. தொப்பி, அதாவது மிருதங்கத்தின் கனத்த இடப்பக்கம், தொம்மென்று நெஞ்சில் விழுந்தது, என் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. "உங்க காதுக்குத் தெரியாததா மாஸ்டர்?" என்றான். குளிர்ந்துபோய்விட்டேன். முப்பது வருஷமாகச் சுருதி சேர்க்கிற காது இது. ஆனால் அவன் செய்ததெல்லாம் மொத்தத்தையும் சத்தமாக ஏற்றியதுதான். ஒரே ஒலியை இரண்டு அளவில் போட்டால் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். யார் காதாக இருந்தாலும் அப்படித்தான். இது எனக்கு இப்போது தெரியும். 26,400 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மாசக் கடைசியில் 22-ஐயும் அனுப்பினான். இரண்டு வீடியோவை மட்டும் போனில் ஓட்டிப் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் தொப்பியின் கனம் எங்கே தெரியப்போகிறது? அதற்குள் ஒரு குரல் பதிவு: "மாஸ்டர், ரூம் வாடகை கட்டணும், அக்செப்ட் மட்டும் போட்டுருங்க. திருத்தம் எப்ப வேணாலும் பண்ணித் தரேன், நான் எங்க போகப்போறேன்?" பாவம் என்று அந்தப் பட்டனை அமுக்கிவிட்டேன். அப்புறம் இடம் வேண்டும் என்று மெமரி கார்டையும் அழித்தேன். ஒன்பது பாடங்களின் அசல் பதிவு அதில்தான் இருந்தது. என் தலையெழுத்து.

வீடியோக்களை ஏற்றி நான்கு நாள் ஆகியிருக்கும். டொரண்டோவிலிருந்து ஒரு ஒன்பது வயதுப் பையன் வகுப்புக்கு வந்தான். நாற்காலியைத் தட்டுவதுபோல் எல்லாச் சொல்லையும் ஒரே பலத்தில் அடிக்கிறான். மென்மையாக வாசிக்க வேண்டிய அரைச்சாப்பு, கும்கி போன்ற சொற்களும் ஓங்கி அடி. விரல் நுனி சிவந்திருந்தது. "ஏண்டா கண்ணா இப்படி?" என்றால் அவன் அம்மா சொல்கிறார், "வீடியோவுல அப்படித்தானே சார் கேக்குது?"

ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தேன். அந்த அம்மா சொன்னது சத்தியம். மெல்லியதும் பலமானதும் ஒன்றாகிவிட்டன. 'நம்' என்று விழுந்ததும் வருகிற அந்த முதல் கூர்மை மழுங்கி, பிளாஸ்டிக் வாளியைத் தட்டியது போல் இருந்தது. ஒவ்வொரு 'தீம்'முக்கும் என் குரல் கீழே அமுங்கி, அடுத்த நொடி மேலே எழும்புகிறது. நான் பேச்சை நிறுத்தினால் மின்விசிறிச் சத்தம் அலைபோல ஏறி வருகிறது. கொல்லையில் கத்திய காக்கை என்னைவிட நன்றாகக் கேட்கிறது!

பெங்களூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் அனுப்பினேன். கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற விவரப் பெட்டியைப் பார்க்கச் சொன்னான். வால்யூம் 100 / 47 சதவீதம், கன்டென்ட் லவுட்னஸ் 6.6 டெசிபல் என்று இருந்தது. அதாவது யூடியூபின் -14-ஐவிட 6.6 அதிகம்; -14 என்று சொல்லி -7.4-ல் கொடுத்திருக்கிறான். அதைப் பாதிக்கும் கீழே யூடியூப் இறக்கிவிட்டது. ஏற்றிய சத்தம் போயிற்று, நசுக்கிய நசுக்கு மட்டும் மிச்சம். அடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்தால் அலை வடிவமே இல்லை, மேலும் கீழும் மட்டமாக வெட்டிவிட்ட வேலிச் செடி. பேச்சையும் வாசிப்பையும் தனித்தனியாகப் பிரித்து, பேச்சை மட்டும் கொஞ்சம் தூக்கி, வாசிப்பை அதன் போக்கில் விட்டிருக்க வேண்டும். அவன் எல்லாவற்றின் மேலும் ஒரே லிமிட்டரை, அதாவது உச்ச சத்தத்தை ஒரு எல்லைக்கு மேல் போகவிடாமல் அமுக்கும் கருவியை, போட்டு இறுக்கியிருக்கிறான். மெல்லியதற்கும் பலமானதற்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். மிருதங்கத்தில் பாதிப் பாடம் அந்தத் தூரம்தான்.

பையனிடம் கேட்டேன். முதல் நாள்: "ஹெட்போன் மாத்திப் பாருங்க மாஸ்டர்." இரண்டாம் நாள்: "அது யூடியூப் கம்ப்ரெஷன், நம்ம கையில இல்ல." மூன்றாம் நாள் 47 சதவீதப் படத்தை அனுப்பினேன். "இதான் சார் இன்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு." 'மாஸ்டர்' போய் 'சார்' ஆகிவிட்டேன், கவனித்தீர்களா? திருத்தம் வேண்டுமென்றால் வீடியோவுக்கு 600 ஆகுமாம். அதற்கப்புறம் பதிலே இல்லை. நீல டிக் மட்டும் விழுகிறது.

தளத்தின் உதவிப் பிரிவு அதைவிட மோசம். 'தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். ஆர்டர் நிறைவுற்றதாகத் தாங்களே ஒப்புதல் அளித்துள்ளீர்கள்.' நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் அதே இரண்டு வரி, எழுத்து மாறாமல். சொன்ன அளவு -14, கொடுத்தது -7.4, இது எண் கணக்கு, ரசனை விஷயம் இல்லை என்று எழுதினேன். 'தரம் குறித்த கருத்து வேறுபாடுகளில் நாங்கள் தலையிடுவதில்லை.' 26,400 ரூபாய்க்குக் கருத்து வேறுபாடு என்று பெயர். அவனுக்கு நான் போட்ட ஒரு நட்சத்திரம் 'பரிசீலனையில்' இருக்கிறது. அவன் இன்னும் 4.9.

எப்படிச் சரியாகச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி ஒன்று தாண்டிவிட்டது, பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

மாதிரியை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துக் கேளுங்கள். சத்தமாக இருப்பதைக் கழித்துவிட்டு என்ன மிச்சம் என்று பாருங்கள்.

பணத்தை விடுவிக்கும் முன் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக (லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி அந்த டெசிபல் எண்ணைப் பாருங்கள். ஆறு, ஏழு என்று காட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

பதிவு செய்யும்போது பலமான அடி மீட்டரில் -12-லிருந்து -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்பட்ட ஒலியை யாராலும் பழையபடி மீட்க முடியாது. பேச்சுக்குத் தனியாக ஒரு காலர் மைக்.

அசலை அழிக்காதீர்கள். அழிக்கவே அழிக்காதீர்கள்.

வாடகை கட்டணும் என்று யாராவது அழுதால் போனைக் கவிழ்த்து வையுங்கள்.

எனக்கு ஒன்பது பாடம் மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. நாளைக் காலை, கனத்த நாதம் வரத் தொப்பியில் ரவைப் பசை ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இந்த வெயிலில். வீட்டில் இன்னும் தொகையைச் சொல்லவில்லை. இரண்டாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.