கோ.புதூரில் ஒரு இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப்: பையன்கள் விட்டுப் போகாமல் வேலை பார்க்கும் இடம்

மதுரையில் மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போன முறை வண்டியைப் பிரித்துப் பார்த்தவர் அடுத்த முறை அங்கே இருப்பதுதான் அரிதாகிவிட்டது. அழகர்கோவில் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கோ.புதூரில் இருக்கும் இந்தச் சிறிய ஒர்க்‌ஷாப்பில் ஆள் மாறுவதில்லை. நான் அதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதல் காரணம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் என் ஸ்கூட்டர் அணைந்து அணைந்து போனது. வேறோர் இடத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் சரியாகவில்லை. இங்கே ஓர் இளைஞர் வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைச் சுத்தம் செய்து தந்தார். அதன்பின் அந்தக் கோளாறு வரவில்லை. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டரும் சென்சார்களும் வந்துவிட்டதால், சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் அனுபவம் மட்டும் இன்று போதாது. ஸ்கேனர் காட்டுவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒருவர் தேறுவதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், நஷ்டம் உரிமையாளரோடு நிற்காமல் வாடிக்கையாளருக்கும் வந்து சேர்கிறது.

பையன்களை எப்படி வேலையில் தக்கவைக்கிறீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். "வருசக்கணக்கா வண்டி கழுவ மட்டும் விட்டா டெலிவரி வேலைக்குப் போயிருவாங்க சார். சீக்கிரமே ஸ்பேனரைக் கையில குடுத்துரணும்" என்றார். சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் தவறாமல் கைக்கு வருகிறது. கற்றுக்கொள்ளும்போது போல்ட் உடைந்தால் அதற்குப் பிடித்தம் இல்லை. வாடிக்கையாளர் முன்னால் அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் பையன்கள் விட்டுப் போவதற்குச் சம்பளத்தைப் போலவே வசவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

புதூரிலேயே அரசு ஐடிஐ இருப்பதால், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 2 ஆண்டு படித்தவர்களை இவர் தேடிச் சேர்க்கிறார். மற்ற கடைக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநரை, அதாவது உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலை பழகுபவரை, சேர்ப்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று, 4 பேர் வேலை செய்யும் இடமும் சேர்க்கலாம். 2016இல் தொடங்கிய தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்த உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது.

குறையும் உண்டு. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதும்போது யாரும் முகக்கவசம் அணிவதில்லை. இளம் நுரையீரல்களுக்கு அது கெடுதல் என்பதால் உரிமையாளர் இதை உடனே சரிசெய்ய வேண்டும். நம்மிடம் வாங்கும் கூலி அக்கம்பக்கத்தைவிடச் சற்று அதிகம். வேலையின் தரத்துக்கு அது தகும். காலையிலேயே வண்டியை விட்டால் சாதாரண சர்வீஸ் மாலைக்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்பதால், அவசர வேலை இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் போய்விடுவது நல்லது.