சீல் இருக்கிறது, செல்லாது: கலிபோர்னியாவில் இறப்புச் சான்றிதழ் வாங்குவோர் கவனத்துக்கு

விசிட்டர் விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பாவோ அம்மாவோ இங்கே தவறிவிட்டால், ஊரில் வங்கி டெபாசிட், ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே ஒரு தாளுக்காகக் காத்திருக்கும். அது, இறப்பு நடந்த கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தரும் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும் என்பதால், ஊர் நகராட்சியில் அதை வாங்க முடியாது. துக்க வீட்டுக்காரர்களுக்கு இந்த நடைமுறை புதிது, அவசரமும் அதிகம். அதைத்தான் இடைத்தரகர்கள் காசாக்குகிறார்கள்.

முதலில், அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் அப்போஸ்டில் ஏமாற்று. அப்போஸ்டில் என்பது, ஓர் ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு அதோடு இணைத்துத் தரும் சான்றுத் தாள். வாட்ஸப் குழுவில் ஒரு எண் சுற்றும். "மூன்றே நாளில் அப்போஸ்டில். ஒரிஜினல் அனுப்ப வேண்டாம், ஸ்கேன் போதும்." 'ஸ்கேன் போதும்' என்றதுமே அந்தப் பேச்சை முடித்துவிடலாம். அவர்கள் செய்வது இதுதான்: ஸ்கேனை அச்சடித்து, "இது உண்மை நகல்" என்று ஓர் உறுதிமொழியை அதோடு இணைத்து, நோட்டரி முன்னால் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் வாங்குவார்கள். தங்க நிற முத்திரையோடு தாள் ஊருக்குப் போகும். வங்கி மேலாளர் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது நோட்டரி கையெழுத்துக்குத்தான் சீல். சர்டிபிகேட்டுக்கு இல்லையே" என்பார். அவர் சொல்வது சரி. அப்போஸ்டில் ஒரு தாளில் உள்ள விஷயம் உண்மை என்று சொல்வதில்லை. கீழே கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருப்பவர்தான் என்று மட்டும் சொல்கிறது. கையெழுத்து நோட்டரியுடையது என்றால், சான்றும் நோட்டரிக்குத்தான்.

நம்மவர்கள் இதில் எளிதாக விழக் காரணம் உண்டு. ஊரில் ஜெராக்ஸில் நோட்டரி பப்ளிக் ஒரு சீல் குத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். கலிபோர்னியாவில் நோட்டரிக்கு அந்த அதிகாரமே கிடையாது. பவர் ஆஃப் அட்டர்னியின் நகலையும் தன்னுடைய பதிவேட்டின் பக்கத்தையும் தவிர வேறு எதையும் "உண்மை நகல்" என்று அவர் சான்றளிக்க முடியாது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை அவர் தொடவே கூடாது.

சரியான வழியிலும் ஒரு குழி இருக்கிறது. இந்த ஆண்டோ சென்ற ஆண்டோ நடந்த இறப்புக்குச் சான்றிதழ் பெரும்பாலும் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வரும். அதில் கையெழுத்து சுகாதார அதிகாரியுடையது. பழைய பதிவுகள் கவுண்டியின் ஆவணப் பதிவு அலுவலகமான கிளார்க் ரெக்கார்டரிடம் இருக்கும். அப்போஸ்டில் தரும் மாநிலச் செயலர் அலுவலகம் கவுண்டி கிளார்க், ரெக்கார்டர், மாநிலப் பதிவாளர் ஆகியோரின் கையெழுத்தை நேரடியாக ஏற்கும். சுகாதார அதிகாரியின் கையெழுத்து என்றால், "இவர் எங்கள் அதிகாரிதான்" என்று கவுண்டி கிளார்க் தரும் தாளும் கூடவே வேண்டும். இது தெரியாமல் தபாலில் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, உறை அப்படியே திரும்பி வந்த வீடுகள் ஏராளம். நகல் வாங்கும் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்: "இந்தியாவுக்கு அப்போஸ்டில் வாங்கணும். இதில் யார் கையெழுத்து? கிளார்க் சான்று தேவைப்படுமா?"

அப்போஸ்டில் கட்டணம் தாளுக்கு 20 டாலர். சாக்ரமெண்டோவிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ நேரில் போனால் கையெழுத்துக்கு 6 டாலர் கூடுதல். தபால் என்றால் சாக்ரமெண்டோவுக்கு மட்டும். எந்த நாட்டுக்கு என்று எழுதி, திரும்பி வர உங்கள் முகவரி எழுதிய உறையும் வையுங்கள். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஆகவே "இந்தியத் தூதரக அட்டஸ்டேஷனும் கட்டாயம், அதுக்குத் தனி சார்ஜ்" என்று எவராவது சொன்னால், அது அந்த ஏஜென்டின் வீட்டு வாடகைக்கு.

இரண்டாவது கண்ணி இணையத்தில். கவுண்டி பெயரோடு இறப்புச் சான்றிதழ் என்று தேடினால் மேலே வருவது விளம்பரங்கள். கழுகுப் படம், கொடி, அரசாங்கக் களை எல்லாம் இருக்கும். பணம் கட்டிய பிறகு கையில் வருவது, கவுண்டி இலவசமாகத் தரும் அதே விண்ணப்பம். அதில் உங்கள் பெயரை நிரப்பி, "அச்சடித்து, கையெழுத்திட்டு, கவுண்டிக் கட்டணத்தோடு நீங்களே அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல். கவுண்டிக் கட்டணம் ஒரு நகலுக்கு 25 டாலர் வாக்கில்தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "இது அரசுத் தளம் அல்ல" என்று இருக்கும், தேடினால். முகவரி 'டாட் கவ்' என்று முடிந்தால் நிம்மதி. ஆனால் சில கவுண்டிகள் 'டாட் ஆர்க்' முகவரியும் வைத்திருப்பதால், கவுண்டியின் முகப்புப் பக்கத்திலிருந்து உள்ளே போவதுதான் பத்திரம். இணையத்தில் விண்ணப்பம் வாங்க வைட்டல்செக் (VitalChek) என்ற நிறுவனத்தைப் பல கவுண்டிகள் அதிகாரபூர்வமாகவே வைத்திருக்கின்றன. சேவைக் கட்டணம் கூடுதல், ஏமாற்று இல்லை. அதற்கும் கவுண்டிப் பக்கத்தின் இணைப்பு வழியாகவே போங்கள்.

எந்தக் கவுண்டி என்பதிலும் தடுமாற்றம் வரும். ஃப்ரீமாண்டில் குடியிருந்தவர் பாலோ ஆல்டோ மருத்துவமனையில் இறந்தால், சான்றிதழ் அலமீடா கவுண்டியில் இல்லை, சாண்டா கிளாராவில். வீட்டு முகவரி இங்கே கணக்கில்லை.

இனி, யார் கேட்கலாம் என்பது. கலிபோர்னியா இரண்டு வகை நகல் தருகிறது. ஒன்று அங்கீகரிக்கப்பட்ட நகல். மற்றது தகவலுக்கான நகல். அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே கட்டணம். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கேட்பது முதல் வகையை. அதை வாங்கும் உரிமை கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, தாத்தா, பாட்டி, உடன்பிறப்பு என்று ஒரு சின்னப் பட்டியலுக்கும், வழக்கறிஞர் போன்ற சிலருக்கும்தான். மருமகன் அதில் இல்லை. மச்சினர் இல்லை, சித்தப்பாவும் இல்லை. நம் வீடுகளில் அலைச்சல் வேலையெல்லாம் மருமகன் தலையில்தான் விழும். அவர் பெயரில் விண்ணப்பம் போனால் தகவல் நகல் வந்து நிற்கும், காசும் நாளும் போச்சு. மகள் பெயரில் போடுங்கள். நேரில் போனால் அலுவலர் முன் கையெழுத்துப் போதும். தபால் என்றால் உறுதிமொழிப் படிவத்துக்கு நோட்டரி வேண்டும். நோட்டரிக்கு இந்தக் கதையில் நியாயமான வேலை அது ஒன்றுதான்.

இறுதிச் சடங்கை ஏற்று நடத்தும் ஃபியூனரல் ஹோம் உங்களுக்காக நகல் வாங்கித் தரும், முதல் தடவைக்கு அது வசதிதான். பில்லை மட்டும் வரி வரியாகப் பாருங்கள். 1984 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, விலைப் பட்டியலை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். சான்றிதழ் மாதிரி வெளியே வாங்கித் தரும் பொருளுக்குத் தங்கள் பங்காக ஏதாவது சேர்த்தால், அதையும் சொல்லியாக வேண்டும். 10 நகலுக்கு 250 டாலர் அளவில் வர வேண்டியது மிக அதிகமாக நின்றால் காரணம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எத்தனை நகல் வேண்டும்? இங்கே சொத்து எதுவும் இல்லாத விசிட்டர் என்றால் நான்கைந்து போதும், அதில் இரண்டு அப்போஸ்டிலுக்கு. இங்கே வீடு, காப்பீடு, ஓய்வுக்காலக் கணக்கு என்று இருந்தவருக்கு எட்டு முதல் பத்து.

பெயர் விஷயத்தில் யாரும் ஏமாற்றுவதில்லை. நாமே ஏமாறுகிறோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தவருக்கு, அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் "எஃப்என்யு" (FNU) என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்து மருத்துவமனை எழுதும், மருத்துவமனையைப் பார்த்து ஃபியூனரல் ஹோம் எழுதும். ஊர்ப் பத்திரத்திலோ "ரா. கந்தசாமி". அச்சாகும் முன் வரைவை வாங்கிப் பாருங்கள். அதில் 'மறுபெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. பாஸ்போர்ட், வங்கி, பத்திரம் மூன்றிலும் உள்ள பெயர்களை அங்கே எழுதச் சொல்லுங்கள். பதிவான பிறகு திருத்த வேண்டுமானால் இரண்டு பேர் கையெழுத்திட்ட பிரமாணப் படிவம் வேண்டும். அப்போதும் பழைய தாள் மாறாது. திருத்தம் இரண்டாம் பக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். ஊரில் அந்த இரண்டாம் பக்கத்தை யாரும் லேசில் நம்புவதில்லை.

கையில் வந்த நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பணத்தாள் போலச் செதுக்கிய வேலைப்பாடு, தேதி, முத்திரை, அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டும். செதுக்கிய ஓரம் இல்லையேல் செல்லாது என்று தாளின் அடியிலேயே எழுதியிருக்கும். மரணக் காரணம் 'நிலுவையில்' என்று இருந்தால், அது மரணக் காரணத்தை ஆராயும் அரசு அதிகாரியான கொரோனரின் விசாரணையில் உள்ளது என்று பொருள். அந்த நிலையில் பத்து நகல் வாங்கிக் குவிக்காதீர்கள். காப்பீட்டுக்காரர்கள் இறுதிக் காரணம் வந்த நகலைத்தான் கேட்பார்கள்.

ஊர்ப் பக்கமும் ஒரு புரோக்கர் காத்திருப்பார். "அமெரிக்கா பேப்பரெல்லாம் எதுக்கு? இங்கேயே வீட்டில் இறந்ததா எழுதி வாங்கித் தர்றேன்" என்பார். பிறப்பு இறப்புப் பதிவில் பொய்த் தகவல் தருவது குற்றம். பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரை இருக்கும், திரும்பிய முத்திரை இருக்காது. வாரிசுகளுக்குள் மனத்தாங்கல் வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஏற்கெனவே போலித் தளத்தில் கார்டு கொடுத்துவிட்டீர்களா? கிரெடிட் கார்டு என்றால், அந்தக் கட்டணம் வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். தளத்தின் படத்தையும் அந்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்புங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கொடுத்திருந்தால், இறந்தவர் பெயரில் கடன் வாங்க முடியாதபடி கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களுக்கும் சான்றிதழின் ஒரு நகல் அனுப்புவது நல்லது.

ஒரிஜினலோடு அப்போஸ்டில் தாளைச் சேர்த்து அடித்த ஸ்டேப்பிள் பின்னை, ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கும் என்று கழற்றிவிடாதீர்கள். துளை இரண்டாகிவிட்ட தாளைத் தூக்கி வைத்துவிட்டு, "புதுசா வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.